அன்னை எழுதிய ஏடு

பொன்னும் பொருளும், நிலமும் மனையும் தம் மக்களுக்கு வைத்துச் சென்ற பெற்றோர் உலகிற் பலர். தம் வாழ்வையே ஏடாக எழுதி, அதனை மக்களுக்குரிய செல்வமாக வைத்துச் சென்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கிளிக்கல் அம்மையார். அவர் செருமனி நாட்டின் வடபாலுள்ள ஹாம்பர்க் நகரில், 1646ஆம் ஆண்டளவில், யூதர் குடியிற் பிறந்தவர். புலமையைக் காட்டுதற்கோ புகழை ஈட்டுதற்கோ அவர் எழுதுகோலை எடுத்தாரல்லர். கணவரை இழந்த துயரம் இரவில் அவர் உறக்கத்தைக் கவர்ந்தது. கவலை நெஞ்சை அரித்தது. அத்துயரை ஆற்றுதற்பொருட்டு, 1691ஆம் ஆண்டளவில் அவர் எழுதத் தொடங்கினார். தம் குலம் இன்னது, தம் முன்னோர் இன்னார், அவர் பட்ட பாடும் பெற்ற பேறும் இவை என்பவற்றைத் தம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. யூதர்தம் இல்லங்களில் வழங்கிய இத்திஷ் மொழியில், எபிரேய எழுத்துக்களால், ஏழு பகுதிகளாக அந்நூல் எழுதப்பெற்றது. அதனை எழுதி முடிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

நூலின் தொடக்கத்தில் அம்மையார் தம் மக்களுக்குப் பறவைக் கதை ஒன்று கூறுகின்றார். அது முன்னமே வழங்கிய பழங்கதை. தந்தைப் பறவை ஒன்று தன் மூன்று குஞ்சுகளுடன் கடற்கரையில் வாழ்ந்தது. ஒருநாள் பெரும்புயல் எழுந்தது. அலைகள் கரையை மோதின. அக்கரை சேர்ந்தாலன்றி உயிர் பிழைத்தல் அரிது. எனவே, தந்தை முதற்குஞ்சைத் தன் உகிர்களாற் பற்றிக்கொண்டு கடல்மீது பறந்தது. நடுக்கடலில் அது குஞ்சை நோக்கி, “உனக்காக நான் படும் துன்பத்தைக் கண்டாய். நான் முதுமை எய்தித் தளருங்கால் நீயும் என்னை இவ்வாறு காப்பாயோ?” என்று வினவியது. “அன்புள்ள தந்தையே, என்னைக் கரை சேர்ப்பாயாக, முதுமையில் நீ வேண்டுவன எல்லாம் செய்வேன்” என்றது குஞ்சு. அது பொய் என்று உணர்ந்த தந்தை, குஞ்சைக் கடலில் விட்டுவிட்டது. இரண்டாம் குஞ்சும் அவ்வாறே கூறி அம்முடிவையே எய்தியது. மூன்றாம் குஞ்சோ, “தந்தையே, முதுமையில் உனக்குக் கைம்மாறு செய்வேன் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆயினும் ஒன்று சொல்வேன். நீ எனக்குச் செய்ததை நான் என் குஞ்சுகளுக்குச் செய்வேன்” என்றது. தந்தை மகிழ்ந்து, இதுவே மெய்யுரை என்று அதனை அக்கரை சேர்த்தது.

கேட்போர் நெஞ்சைத் திடுக்கிடச் செய்யும் கடுமையான கதை இது. மக்களிடம் அன்பு மிக்க ஒரு தாய் இக்கதையைத் தம் நூலின் வாயிலில் வைத்தது ஏன்? பெற்றோர் மக்களுக்காக உழைப்பது இயல்பு. மக்கள் பெற்றோருக்காக அவ்வளவு உழைப்பர் என்று எதிர்பார்ப்பது வீண் என்பது அவர் துணிபு. முதுமையில் மக்களுக்குச் சுமையாகாமல் வாழ வேண்டும் என்பதே அவருடைய நீங்காத விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறியதா, அவர் துணிபு பொய்யாயிற்றா மெய்யாயிற்றா என்பதை அவர் வாழ்க்கையே காட்டும்.

கிளிக்கல் அம்மையாருக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே, செருமானிய யூதர்கள் ஹாம்பர்கை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அவர்தம் குடும்பம் அண்மையிலிருந்த அல்டோனா என்னும் ஊரிற் குடியேறியது. அஃது அக்காலத்தில் டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கிருந்து இசைவுச்சீட்டுப் பெற்று ஹாம்பர்குக்குச் சென்று வாணிகம் செய்து மீளுதல் அவர்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் ஹாம்பர்கில் வாழும் உரிமை கிட்டியது. வீடும் நாடும் நிலையானவை அல்ல என்பதை அம்மையார் மழலைப் பருவத்திலேயே கண்டார்.

அவர் சிறுமியாயிருந்த காலத்தில் போலந்து நாட்டுப் பகுதிகளிற் போர் மூண்டது. வில்னா நகரத்து யூதர் பலர் எல்லாம் இழந்து, தொற்றுநோயுடன் ஹாம்பர்கை வந்தடைந்தனர். மருத்துவ விடுதி இல்லாமையால், கிளிக்கலின் தந்தையார் அவர்களிற் சிலரைத் தம் இல்லத்தின் மேல்மாடத்தில் தங்கச் செய்தார். முதியவரான பாட்டியார் மாத்தி அம்மையார் நாள்தோறும் பலமுறை மாடியேறி நோயாளர்க்குத் தம் கையாற் பணிவிடை செய்தார். மகளும் மருமகனும் தடுத்தும் அவர் கேட்டாரல்லர். முடிவில் அந்நோய் அவரையும் பற்றியது. அதனால் அவர் உயிர் நீத்தார். இறைவனிடத்து அன்பு என்பது வாயால் ஓதும் வழிபாடு மட்டுமன்று, துன்புற்றார்க்குத் துணை நிற்பதுமாகும் என்பதைப் பேத்தி கற்றது இப்பாட்டியாரிடமே. அந்நிகழ்ச்சியைத் தம் மக்களும் மறவாதிருக்குமாறு அவர் ஏட்டிற் பொறித்து வைத்தார்.

அக்கால யூதர் வழக்கப்படி, பன்னிரண்டாம் வயதில் கிளிக்கலுக்கு மணம் பேசி முடித்தனர். பதினான்காம் வயது நிரம்புமுன் மணமும் நிகழ்ந்தது. இவ்வளவு இளமையில் மணம் முடிக்கும் வழக்கம் மறைந்து ஒழிதலே நன்று. மணமகன் ஹாமெல்ன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹாயிம். ஓராண்டு அவ்வூரில் வாழ்ந்தபின் இளந்தம்பதியர் ஹாம்பர்குக்குத் திரும்பி, கிளிக்கலின் பெற்றோர் இல்லத்தில் தங்கினர். ஆங்கே ஒரு வியப்பு நிகழ்ந்தது. கிளிக்கல் தம் முதல் மகள் சிப்போராவை ஈன்றெடுத்த சில நாள்களில், அவர்தம் தாயாரும் ஒரு பெண்மகவை ஈன்றார். தாயும் மகளும் ஒரே அறையில் பிள்ளைப் பேற்றுப் படுக்கையில் இருந்த காட்சியைக் காண ஊரார் திரண்டு வந்தனர். ஓர் இரவு கிளிக்கல் கண்விழித்தபோது தொட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அஞ்சிக் கூவித் தேடியபோது, குழந்தை தாயாரின் அணைப்பில் இருப்பது தெரிந்தது. தாயாரோ அதனைத் தம் குழந்தை என்று எண்ணித் தரமறுத்தார்! உண்மை தெளிந்தபின் வீடு முழுதும் நகையொலி எழுந்தது. வழக்கைத் தீர்க்கச் சாலமோன் மன்னரையே அழைக்க நேர்ந்திருக்கும் என்று அம்மையார் பல்லாண்டுகள் கழித்தும் நகைச்சுவையோடு எழுதுகின்றார்.

ஹாயிம் பொன், முத்து, மணி ஆகியவற்றில் வாணிகம் செய்தவர். லைப்சிக் முதலிய நகரங்களின் பெருஞ்சந்தைகளுக்குச் சென்று வருவது அவர் தொழில். அவர் மனைவியைக் கலந்தன்றி எச்செயலையும் தொடங்கினாரல்லர். பிறர் அறிவுரையை அவர் நாடியதுமில்லை. இளம்பருவத்திலேயே கூட்டு வாணிகத்துக்குரிய உடன்படிக்கையை வரைந்து தந்தவர் கிளிக்கல் அம்மையாரே. எவ்வளவு பெரிய வாணிகம் எதிர்ப்படினும், மறைநூல் ஓதுதற்கென்று வகுத்த நேரத்தை ஹாயிம் விட்டுக்கொடுத்தாரல்லர். கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் உற்ற தோழராய் விளங்கினர். நட்புகளுள் தலையாய நட்பு இல்லறத்தில் மலர்வதே என்பதற்கு அவர்தம் வாழ்வு சான்று.

பிற நண்பர்களைப் பற்றியும் அம்மையார் எழுதுகின்றார். ஜோஸ்ட் லீப்மான் என்னும் உறவினர் இளமையில் ஹாயிமின் துணையோடு மணி வாணிகத்திற் கால்கொண்டவர். பின்னர் இருவருக்கும் பொருள் காரணமாகப் பிணக்கு நேர்ந்தது. யூதர்தம் நீதிமன்றம் வரை அது சென்றது. ஆயினும் பிணக்கு நிலைக்கவில்லை. காலம் அதனை ஆற்ற, மீண்டும் இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்தனர். லீப்மான் பிராண்டன்பர்க் அரசவையின் மணி வணிகராகவும் உயர்ந்தார். பிணக்கையும் மறைக்காமல், இணக்கத்தையும் மறவாமல் அம்மையார் எழுதியுள்ளமை போற்றத்தக்கது. நட்பிற் பிழை நேர்வது இயல்பு. அப்பிழையையே பற்றி நிற்பது பேதைமை.

அம்மையார் பதினான்கு மக்களைப் பெற்றார். அவர்களுட் பன்னிருவர் வளர்ந்து மணவாழ்வு எய்தினர். மூத்த மகள் சிப்போராவின் திருமணம் 1674ஆம் ஆண்டளவில் கிளீவ் நகரிற் பெருஞ்சிறப்புடன் நடைபெற்றது. மணமகன் செல்வம் மிக்க எலியா கோம்பெர்ட்ஸ் என்பாரின் மைந்தன். பிற்காலத்தில் பிரசியாவின் முதல் மன்னராக முடிசூடிய இளவரசர் பிரடெரிக்கும் அம்மணத்துக்கு வந்திருந்தார். மணமக்கள் பந்தரின்கீழ் நின்றபோதுதான், மணவுடன்படிக்கையை எழுத மறந்தது நினைவுக்கு வந்தது! அரச குடியினர் காத்திருக்கின்றனர், எழுதுதற்கோ நேரமில்லை. சமயக் குரவர் ஓர் அச்சு நூலிலிருந்த உடன்படிக்கை வாசகத்தைப் படித்துச் சடங்கை நிறைவேற்றினார். மணம் முடிந்ததும் எழுதித் தருவதாக உறுதி பெறப்பட்டது. பட்டும் பொன்னும் விருந்தும் நிறைந்த அந்நாளை எழுதும்போதும், அம்மையார் இச்சிறு மறதியை விட்டுவிடவில்லை.

இன்பத்தை எழுதிய அக்கை துன்பத்தையும் எழுதியது. மாத்தி என்று பாட்டியாரின் பெயரைத் தாங்கிய மகள் மூன்றாம் வயதில் நோயுற்று இறந்தாள். அழகும் அறிவும் வாய்ந்த அக்குழந்தையை இழந்த பெற்றோர் இருவரும் துயரம் தாங்காது தாமும் நோயிற் படுத்தனர். இறைவன் தந்ததை இறைவன் எடுத்துக்கொண்டபோது அளவின்றி வருந்தியது தவறோ என்று அம்மையார் பின்னர்த் தம்மைத் தாமே வினவிக்கொள்கின்றார். அவர்தம் பத்தி, ஐயமும் கேள்வியும் அறியாத பத்தியன்று. நெஞ்சு நொந்தபோதும் இறைவனோடு பேசுதலை விடாத பத்தி அது.

அவர் நம்பிக்கைக்கு வந்த பெருஞ்சோதனை ஒன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. 1665ஆம் ஆண்டில் துருக்கியர் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் சபத்தாய் செவி என்பவர், யூதர் நெடுங்காலமாக எதிர்நோக்கியிருந்த மீட்பர் தாமே என்று அறிவிக்கப்பெற்றார். அச்செய்தி ஐரோப்பா முழுதும் பரவியது. பலர் வீடு வாசலை விற்றுப் புனித நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமாயினர். அம்மையாரின் மாமனார் இரண்டு பெரிய மரப்பீப்பாய்களை ஹாம்பர்குக்கு அனுப்பினார். அவற்றில் துணிமணிகளும், பட்டாணி, மொச்சை, உலர்ந்த இறைச்சி முதலிய நெடுநாள் கெடாத உணவுப் பொருள்களும் இருந்தன. அழைப்பு வந்தவுடன் கப்பலேற வேண்டும் என்பது அம்முதியவரின் எண்ணம். அழைப்பு வரவில்லை. 1666ஆம் ஆண்டில் சபத்தாய் செவி தம் சமயத்தையே விட்டு வேறு சமயம் புகுந்தார். பீப்பாய்கள் மேலும் சில காலம் காத்துக் கிடந்து, பின் திறக்கப்பெற்றன. கருவுற்று நோவெய்தி, முடிவில் பிள்ளை பெறாது வெறுங்காற்றையே பெற்ற ஒரு பெண்ணின் நிலைக்கு அம்மையார் இவ்வேமாற்றத்தை ஒப்பிடுகின்றார். ஒரு தாயின் வாயிலன்றி இவ்வுவமை பிறத்தல் அரிது. ஏமாற்றியவர் மனிதர், இறைவன் ஏமாற்றுவானல்லன் என்னும் தெளிவோடு அவர் தம் வழிபாட்டைத் தொடர்ந்தார்.

1689ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஹாயிம் வாணிகத்தின்பொருட்டுச் சென்றபோது கூரிய கல்லொன்றில் இடறி விழுந்து, உள்ளுறுப்பில் ஊறுபட்டுச் சில நாள்களில் இறந்தார். இறக்குந் தறுவாயில், “தங்கள் குடும்பத்துக்கு யாது ஏற்பாடு?” என்று அருகிருந்தோர் வினவினர். தம் மனைவி எல்லாம் அறிவாள், இதுகாறும் செய்தது போலவே இனியும் செய்வாள் என்பதே அவர் விடையாக இருந்தது. அதனினும் உயர்ந்த பாராட்டை எம்மனைவியும் பெறுதல் அரிது. வீட்டில் மணமாகாத மக்கள் எண்மர். கணவர் விட்டுச்சென்ற கடன்களும் இருந்தன. அம்மையார் சரக்குகளை ஏலத்தில் விற்றுக் கடன் முழுவதையும் தீர்த்தார். பின்னர்த் தாமே வாணிகத்தில் இறங்கினார். முத்துக்களை வாங்கி விற்றார். காலுறை நெய்யும் தொழிலகம் நடத்தினார். கோடையிலும் குளிரிலும் சந்தைதோறும் பயணம் செய்தார். ஒரு மகன் வாணிகத்தில் நொடித்துக் கடன்பட்டபோது, அவன் சுமையையும் தம் தோள்மேல் ஏற்றார். வாணிகத்தில் நேர்மை வழுவலாகாது, யூதரிடத்தும் பிறரிடத்தும் ஒரே முறையாக நடத்தல் வேண்டும் என்பது அவர் தம் மக்களுக்கு எழுதிவைத்த அறிவுரை. அவர் கடைப்பிடித்த நெறியும் அதுவே.

ஆண்டுகள் செல்லச்செல்ல உடல் தளர்ந்தது. ஒருகால் வாணிகம் முறிந்தால் மக்களுக்குப் பழியும் சுமையும் ஆவோமே என்று அம்மையார் அஞ்சினார். அவ்வச்சத்தால், 1700ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு மெட்சு நகரில் வாழ்ந்த ஹிர்ஷ் லெவி என்னும் பெருஞ்செல்வரை மறுமணம் புரிந்தார். ஊழின் வலியை என்னென்பது! இரண்டாண்டுகள் அளவில் அச்செல்வர் கடன் கொடுக்க இயலாது நொடித்தார். கடன்காரருக்கு அஞ்சி மறைந்து வாழும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. அம்மையார் கொணர்ந்த பொருளும் அதனோடு அழிந்தது. எதற்கு அஞ்சி அவர் ஓடினாரோ, அதுவே அவர் முன் வந்து நின்றது. 1712ஆம் ஆண்டில் லெவியும் இறந்தார். முதிய அம்மையார் பல படிகள் ஏறிச் செல்ல வேண்டிய சிறிய வாடகை அறையில் தனியே வாழ்ந்தார்.

அதே நகரில் அவர் மகள் எஸ்தரும் மருமகனும் செல்வத்தோடு வாழ்ந்தனர். தம் இல்லத்துக்கு வருமாறு அவர்கள் வேண்டினர். அம்மையார் இசைந்தாரல்லர். மக்களுக்குச் சுமையாகக் கூடாது என்ற பழைய உறுதி அவரைத் தடுத்தது. முடிவில் உடல் நலிவால், 1715ஆம் ஆண்டில், அவர்களுடைய இல்லம் புகுந்தார். ஆங்கே அவர் கண்டது யாது? தட்டில் முதலில் இடப்பெற்ற உணவும் சிறந்த உணவும் அவருக்கே உரியவையாயின. வழிபாட்டின்பொருட்டுச் சென்று நண்பகல் உணவு வேளை தவறி அவர் திரும்பினால், சுவை மிக்க உணவு வகைகள் அவருக்கென்று எடுத்து வைக்கப்பெற்றிருந்தன. இவ்வளவு வேண்டா என்று அவர் மறுத்தும் மகள் நிறுத்தவில்லை. இந்நன்மைகளையெல்லாம் அம்மையார் நன்றிப் பெருக்கோடு ஏட்டில் எழுதினார்.

இப்போது பறவைக் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும். மூன்றாம் குஞ்சு தந்தைக்கு யாதொன்றும் செய்வதாக வாக்களிக்கவில்லை. தன் குஞ்சுகளைக் காப்பதாக மட்டுமே கூறிற்று. எஸ்தரோ அதனினும் உயர்ந்து நின்றார். தம் மக்களையும் காத்தார். தம் தாயையும் காத்தார். வள்ளுவப் பெருந்தகை, மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், தந்தை மகனுக்குச் செய்யும் நன்மையைக் கூறியதோடு நில்லாமல், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாற்றையும் கூறினார். இரண்டும் சேர்ந்ததே குடும்பம் என்பது அவர் உள்ளம். கதையிலே பறவை குஞ்சுகளிடம் உறுதிமொழி கேட்டது. அம்மையார் தம் மக்களிடம் உறுதிமொழி யாதும் கேட்டாரல்லர். நோயாளர்க்காக உயிர் துறந்த பாட்டியாரின் கதையையும், கடன் தீர்த்த கைம்பெண்ணின் கதையையும் கேட்கச் செய்தார். அவ்வாறே வாழ்ந்தும் காட்டினார். கேளாமல் வந்த அன்பு வாக்களித்து வரும் அன்பினும் சிறந்ததன்றோ?

1719ஆம் ஆண்டில் அம்மையார் ஏழாம் பகுதியை நிறைவு செய்தார். 1724ஆம் ஆண்டில் மெட்சு நகரில் இறைவனடி எய்தினார். அவர் தம் கையால் எழுதிய ஏடு இன்று கிடைத்திலது. எனினும், சமயக் குரவராய் விளங்கிய அவர் மகன் மோசே அதனைப் படியெடுத்து வைத்தார். வழிவழியாகக் காக்கப்பெற்ற அப்படியைக் கொண்டு 1896ஆம் ஆண்டில் தாவீது காப்மான் என்னும் அறிஞர் நூலை அச்சேற்றினார். 1910ஆம் ஆண்டில், அக்குடும்பத்தோடு உறவுடைய பெர்த்தா பாப்பென்ஹைம் அம்மையார் அதனைச் செருமானிய மொழியிற் பெயர்த்தார். பின்னர்ப் பிற மொழிகளிலும் அது பரவியது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் எவ்வாறு மணந்தனர், எவ்வாறு வாணிகம் செய்தனர், எவ்வாறு வழிபட்டனர் என்பவற்றை அறிய விழையும் வரலாற்றறிஞர்க்கு இன்று அது பெருந்துணையாய் விளங்குகின்றது.

ஹாயிம் விற்ற முத்துக்கள் எங்குச் சென்றன என்பதை எவரும் அறியார். லெவியின் பெருஞ்செல்வம் அவர் கண்முன்னரே கரைந்தது. உறக்கமற்ற இரவுகளில் ஒரு தாய் தம் மக்களுக்காக எழுதிய சொற்களோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஒவ்வோர் இல்லத்திலும் இத்தகைய ஏடு ஒன்று எழுதப்படாமல், அன்னையர் நெஞ்சிலும் பாட்டியர் நாவிலும் உறைந்து கிடக்கின்றது. அவர்கள் அருகமர்ந்து அதனைக் கேட்டு அறிதலும், அறிந்தவாறு ஒழுகுதலும் இளைஞர் கடமையாகும்.